புதிய பிளென்னிக்கு முதலில் வேண்டியது ஒரு பொந்து

சென்னையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. எட்டு மாதமாக நடந்துவரும் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் இரண்டு கிளவுன் மீன்களும் ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி மீனும் இருக்கின்றன. நான்கு நாட்களுக்கு முன்பு அதில் ஒரு லான்மோவர் பிளென்னி மீனை விட்டிருக்கிறார். அது பாறைக்குள் போனதோடு சரி, வெளியே வரவில்லை, போட்ட தீனியைத் தொடவில்லை. எட்டிப் பார்க்கும்போது உடல் திட்டுத்திட்டாக வெளுத்துத் தெரிகிறது, பெரிய கிளவுன் மீன் வேறு துரத்துகிறது. பாறைகளைக் கலைத்து அதைப் பிடித்துத் தனித்தொட்டியில் விட்டு மருந்து போடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். நான்காவது நாளில் பாறைகளைக் கலைப்பது, இப்போதுதான் ஒரு மூலையைத் தன்னுடையது என்று நம்பத் தொடங்கியிருக்கும் மீனிடமிருந்து அந்த மூலையையும் பறிப்பதாகும். ஒளிந்திருப்பதும், நிறம் வெளுப்பதும், முதல் சில நாட்கள் தீனியை மறுப்பதும் இந்த மீனுக்கு நோய்க்குறிகள் அல்ல. புது இடத்தில் பிளென்னி அப்படித்தான் இருக்கும். நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு: அதன் வயிறு. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் இந்த மீன் எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் நடத்தை பாதி புரிந்துவிடும். கடைகளில் லான்மோவர் பிளென்னி, அதாவது புல் வெட்டும் இயந்திரம், என்று விற்கப்படும் மீனின் அறிவியல் பெயர் சலாரியாஸ் ஃபேசியேட்டஸ். 1786இல் ஜெர்மானிய மீனியலாளர் பிளாக் இதை முதலில் விவரித்தார். செங்கடல் தொடங்கிப் பசிபிக்கில் சமோவா வரை, ஆழம் குறைந்த பவளத்திட்டுகளிலும் பாசி படர்ந்த கடலோரப் பாறைகளிலும் வாழ்கிறது. 14 சென்டிமீட்டர் வரை வளரும். முழு வளர்ச்சி அடைந்த பிளென்னிக்கு நீரில் மிதக்க உதவும் காற்றுப்பை கிடையாது. ஆகவே அது மற்ற மீன்களைப் போல நடுநீரில் உலவாது. பாறையின் மேல் உட்காரும், தாவும், மறுபடி உட்காரும். உடலில் செதில் இல்லை, வழவழப்பான சளிப் படலம்தான் அதன் தோலுக்குக் காப்பு. திறந்த நீரில் நீந்தித் தப்பிக்க இயலாத, செதில் கவசமும் இல்லாத ஒரு மீனுக்கு உயிர்காப்பு என்பது பாறையில் உள்ள ஒரு பொந்துதான். வாலை முதலில் உள்ளே விட்டுப் பின்னோக்கி நுழைந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, இரண்டு கண்களையும் தனித்தனியாகச் சுழற்றி வேடிக்கை பார்க்கும் பிளென்னிதான் நிம்மதியாக இருக்கும் பிளென்னி. அந்த நிலைக்கு அதைக் கொண்டுவருவதே நம் வேலை.

அதனால் தொட்டியில் அது நுழையக்கூடிய பொந்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய குகை போன்ற இடைவெளிகள் அழகாகத் தெரியும், ஆனால் பிளென்னிக்குப் பயன்படா. அங்கே கிளவுன் மீனும் நுழைந்துவிடும். உடலைவிடச் சற்றே அகலமான, ஒரு பக்கம் மூடிய குறுகிய துளைதான் அதற்குப் பிடிக்கும். பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசின் (பார்னக்கிள்) காலியான கூடுகள் கிடைத்தால் மிக நல்லது. கிடைக்காவிட்டால் பிளம்பிங் கடையில் முக்கால் அங்குலம் அல்லது ஒரு அங்குலம் பி.வி.சி. குழாயைப் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை மூடியால் அடைத்து, பாறைகளுக்கு இடையில் சாய்வாகச் செருகி வையுங்கள். இரண்டு மூன்று இடங்களில், வெவ்வேறு உயரத்தில் வைக்கலாம். சில வாரங்களில் அதன்மேல் பாசி படர்ந்து குழாய் என்றே தெரியாமல் போய்விடும். செருகும்போது மற்ற பாறைகளை அசைக்காதீர்கள். பொந்துக்காகக் கடற்கரையில் ஒதுங்கிய பவளக் கற்களைப் பொறுக்கிவரும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கடினப் பவளங்கள் நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், பவளத்திட்டில் வாழ்ந்த ஒரு மீனுக்கு வசதி செய்வதற்காக அந்தத் திட்டின் துண்டையே எடுத்துவருவது எனக்கு ஏற்பில்லை. செயற்கைப் பாறையும் குழாயும் போதும்.

இப்போது வயிற்றுக்கு வருகிறேன். இந்த மீன் உங்கள் தொட்டியில் இறந்தால் பெரும்பாலும் பட்டினியால்தான் இறக்கும். அதுவும் இப்போது அல்ல, இரண்டு மூன்று மாதம் கழித்து. "நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று போய்விட்டது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் ஒருமுறை அப்படிச் சொல்லியிருக்கிறேன். எனக்கு விற்றவர், இது பாசி தின்னும் மீன், தனியாகத் தீனி தேவையில்லை என்று உறுதியாகச் சொன்னார். நான் அதை நம்பினேன். என் தொட்டியில் இருந்த பாசியை அது ஆறு வாரத்தில் துடைத்துத் தின்றுவிட்டது. அதன் பிறகும் நாள் முழுவதும் பாறையைச் சுரண்டிக்கொண்டே இருந்ததால் தின்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வெறும் பாறையைத்தான் சுரண்டியிருக்கிறது.

பிளென்னியின் பற்கள் சீப்புப் போல நெருக்கமாக, மெல்லியதாக, வளையக்கூடியவையாக இருக்கும். அவற்றால் பாறை மேலிருக்கும் பாசிப் படலத்தையும் அதில் படிந்திருக்கும் மட்கிய நுண்துகள்களையும் சேர்த்து வழித்தெடுக்கிறது. அடர்த்தியாக வளர்ந்த நீண்ட பச்சைப் பாசியை இது வெட்டி ஒழித்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். மெல்லிய படலமே இதற்குச் சாப்பாடு. அந்தப் படலமும் மட்கும் தொடர்ந்து உருவாகும் அளவுக்குத் தொட்டி முதிர்ந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைவான, கண்ணாடிபோலத் துடைத்து வைத்த தொட்டிக்கு இந்த மீனை நான் பரிந்துரைப்பதில்லை. உங்களுடையது எட்டு மாதத் தொட்டி என்பது நல்ல செய்தி. முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடையுங்கள். பின்பக்கத்தையும் ஒரு பக்கவாட்டுக் கண்ணாடியையும் அப்படியே விட்டுவிடுங்கள். அது பார்க்க அழகாக இருக்காதுதான், ஆனால் அதுவே பிளென்னியின் மேய்ச்சல் நிலம்.

அதோடு கைத்தீனியும் பழக்க வேண்டும். உப்போ எண்ணெயோ மசாலாவோ சேர்க்காத நோரி என்னும் காய்ந்த கடற்பாசித் தாளை விரலகலத்துக்குக் கிழித்து, ஒரு சிறு கல்லில் ரப்பர் பேண்டால் கட்டி, அது ஒளிந்திருக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தொலைவில் வையுங்கள். காலையில் விளக்கு எரியத் தொடங்கி அரைமணி நேரம் கழித்து வைத்து மாலையில் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் கரைந்து நீரைக் கெடுக்கும். முதல் வாரம் முழுவதும் தொடாமலே இருக்கலாம், ஆனாலும் தினமும் வைக்க வேண்டும். கூடவே மூழ்கும் வகை ஸ்பைருலினா பாசிக் குருணையைச் சிறிதளவு பொடித்துத் தூவுங்கள். கிளவுன் மீன்கள் தின்பதைப் பார்த்துப் பார்த்தே பல பிளென்னிகள் குருணைக்குப் பழகிவிடுகின்றன. ஆறு வாரத்தில் உங்கள் பாறைப் பாசி குறையத் தொடங்கும்போது இது ஏற்கெனவே நோரிக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதே குறிக்கோள்.

வயிற்றை எப்படிப் பார்ப்பது? மீன் கண்ணாடியில் ஒட்டி மேயும்போதுதான் அதன் அடிப்பகுதி நேராகத் தெரியும். மார்புத் துடுப்புகளுக்குப் பின்னால் வயிறு உருண்டு, பக்கங்களைவிடச் சற்றுப் புடைத்திருந்தால் நலம். தட்டையாக இருந்தால் தீனியைக் கூட்டுங்கள். தலைக்கும் கழிவுத் துளைக்கும் நடுவே குழி விழுந்து, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தால் அது பல வாரப் பட்டினி. வாரம் ஒருமுறை அதே கோணத்தில் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குப் பிடிபடாத இளைப்பு, நான்கு படங்களை வரிசையாகப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெளுத்த திட்டுகளைப் பற்றிய உங்கள் அச்சம் இயல்பானதே. அஞ்சிய பிளென்னி சில நொடிகளில் நிறம் மாற்றும். அடர்ந்த பழுப்புப் பட்டைகள் மங்கி, மணலும் கல்லும் கலந்தாற்போல் வெளிறிய திட்டுகள் தோன்றும். இரவில் தூங்கும்போதும் அப்படி இருக்கும். இதைத் தவிர, இந்த இனத்துக்கு உடம்பிலேயே சிறு வெண்புள்ளிகள் உண்டு. புதிதாக வளர்ப்பவர்கள் அவற்றை வெண்புள்ளி நோய் என்று எண்ணி மருந்துக்கு ஓடுகிறார்கள். கிரிப்டோகாரியான் ஒட்டுண்ணியால் வரும் புள்ளி உப்புக்கல் ஒட்டியதுபோல் மேடாக இருக்கும், ஒளி ஊடுருவும் துடுப்புகளிலும் வரும், ஓரிடத்தில் மறைந்து சில நாளில் வேறிடத்தில் தோன்றும். பிறவிப் புள்ளி தட்டையாக, இருந்த இடத்திலேயே இருக்கும். சந்தேகம் இருந்தால் இன்றைய படத்தையும் மூன்று நாள் கழித்து எடுக்கும் படத்தையும் ஒப்பிடுங்கள். அதுவரை மருந்து எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். தாமிரம் கலந்த மருந்து செதிலற்ற இந்த மீனுக்குக் கடினமானது என்பதோடு, பிரதான தொட்டியில் ஊற்றினால் இறால், நத்தை, பவளம் அனைத்தையும் கொன்றுவிடும், பாறையிலும் தங்கிவிடும்.

கிளவுன் மீன் துரத்துவது பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். இணையில் பெரியது பெண் மீன். தன் இடம் என்று அது கருதும் மூலையைச் சுற்றித்தான் துரத்தும். பிளென்னி அந்த மூலையை விட்டு விலகி இருக்கக் கற்றுக்கொள்ளும். நீங்கள் செய்யக்கூடியது, பிளென்னி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கிளவுன் மீன்களுக்கு முதலில் தீனி போட்டு அவற்றின் கவனத்தை அங்கே நிறுத்துவதுதான். முதல் வாரம் விளக்கு நேரத்தையும் இரண்டு மூன்று மணி குறைக்கலாம். துடுப்பு கிழிந்தால் மட்டும் தலையிடுங்கள். அப்போதும் பிடிக்க வேண்டியது துரத்தும் மீனைத்தான். நடுநீரில் நீந்தும் அதைப் பிடிப்பது எளிது. துளையிட்ட பெட்டியில் தொட்டிக்குள்ளேயே நான்கைந்து நாள் அடைத்து வைத்தால் அதன் ஆதிக்கம் தளர்ந்துவிடும். எனக்கு உண்மையில் கவலை தருவது கோபிதான். பிளென்னி ஊன்றிக்கொண்ட பிறகு, தன்னைப் போலவே அடித்தளத்தில் உட்காரும் நீண்ட உடல் மீன்களை அது விரட்டக்கூடும். உங்கள் கோபிக்கு மணலில் தனி வளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 200 லிட்டரில் இரண்டாவது பிளென்னி வேண்டவே வேண்டாம்.

மீனை விட்ட முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பையைத் திறந்து வாளியில் வைத்து இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீர் சேர்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். பலரும் பரிந்துரைக்கும் முறைதான், பக்கத்துக் கடையிலிருந்து அரைமணியில் கொண்டுவந்த மீனுக்குத் தவறில்லை. ஆனால் பல மணி நேரம் பையில் பயணம் செய்த மீனுக்கு இது ஆபத்து. மூடிய பையில் மீன் வெளிவிடும் கரியமில வாயு நீரின் பி.எச். அளவைக் குறைக்கிறது. அந்த நிலையில் அதன் கழிவு பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே கழிவு நச்சு அம்மோனியாவாக மாறுகிறது. அந்த நீரில் இரண்டு மணி நேரம் வைப்பது செவுள்களைச் சுட்டுப் புண்ணாக்குவதற்குச் சமம். அடுத்தமுறை கடைத் தொட்டியின் உப்புத்தன்மையை முன்பே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அதே அளவில் தனித்தொட்டி நீரைத் தயாராக வைத்து, மூடிய பையை வெப்பம் சமமாவதற்குப் பதினைந்து இருபது நிமிடம் மிதக்கவிட்டு, திறந்தவுடன் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுங்கள். பை நீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. சில கடைகளில் ஒட்டுண்ணிகளை அடக்க உப்பு நீரின் அடர்த்தியை 1.018, 1.020 என்று குறைத்து வைத்திருப்பார்கள், நம் வீட்டில் 1.025 இருக்கும். உப்பு குறைந்த நீரிலிருந்து கூடிய நீருக்கு ஒரே மூச்சில் மாற்றினால் மீனின் உடலிலிருந்து நீர் வெளியேறி அது வாடிவிடும். அந்த உயர்வை ஒரு நாளைக்கு 0.001 அல்லது 0.002 என்ற கணக்கில் பல நாட்களில் செய்ய வேண்டும்.

தனித்தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்துவிட்டு விடுவதே சரியான வழி. ஆனால் வெறுமையான தனித்தொட்டியில் இந்த மீன் பட்டினி கிடக்கும். ஒரு தட்டில் கடல்நீர் ஊற்றி நான்கைந்து கற்களை மூன்று வாரம் வெயில் படும் சன்னலோரம் வைத்துப் பாசி படரவிடுங்கள். தட்டு நீர் வற்ற வற்ற உப்பில்லாத நீரை ஊற்றி வாருங்கள். அந்தக் கற்களை ஒவ்வொன்றாகத் தனித்தொட்டிக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் தீனிக்குத் தட்டுப்பாடு வராது. உங்கள் மீன் ஏற்கெனவே பிரதான தொட்டிக்குள் போய்விட்டது, அதை இனி நொந்து பயனில்லை. கிளவுன் மீன்களின் மூச்சையும் தோலையும் மூன்று நான்கு வாரம் கவனித்து வாருங்கள்.

நீரின் அளவுகளில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக இருக்க வேண்டும், நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்தால் போதும். சென்னையில் உண்மையான சிக்கல் வெப்பம். 24 முதல் 27 டிகிரி வரை இந்த மீனுக்கு உகந்தது. மே மாதத்தில் குளிரூட்டி இல்லாத தொட்டி 31, 32 டிகிரிக்கு எளிதில் போகும், வெந்நீரில் ஆக்சிஜனும் குறைவு. சில்லர் வாங்க இயலாதவர்கள் நீர்ப்பரப்பின் மேல் காற்று படும்படி சிறு விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். தினமும் ஆர்.ஓ. நீரை மட்டும் சேர்த்து மட்டத்தைச் சரிசெய்யுங்கள், உப்பு நீரைச் சேர்த்தால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இன்றே செய்யுங்கள். கடலோரப் பாறைக்குழிகளில் ஒரு குழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் குடும்பம் இது, துரத்தப்படும் முதல் வாரத்தில்தான் அதிகம் தாவும். என் இரண்டாவது பிளென்னியின் தொட்டிக்கு மூடி இருந்தது. ஃபில்டர் குழாய் இறங்கும் மூலையில் மட்டும் மூன்று விரல் இடைவெளி விட்டிருந்தேன். வந்த ஐந்தாம் நாள் காலை, தொட்டியின் பின்னால் சுவரோரம், தூசி ஒட்டிக் காய்ந்துபோய்க் கிடந்தது. அந்த இடைவெளியை மறக்கவே முடியவில்லை. கண்ணாடி மூடியைவிடக் கால் அங்குலக் கண்ணுள்ள வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவது நல்லது, வெப்பமும் வெளியேறும். குழாய், மின்கம்பி இறங்கும் இடங்களைப் பஞ்சு நுரைத் துண்டால் அடைத்துவிடுங்கள்.

எப்போது தலையிட வேண்டும்? தோலில் மாவு தூவியதுபோல் படிந்து மூச்சு இரைத்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அது வெல்வெட் நோயாக இருக்கலாம், வெகு விரைவில் கொல்லும். தினமும் ஒரே நேரத்தில் ஒரு நிமிடத்துக்குச் செவுள் எத்தனைமுறை அசைகிறது என்று எண்ணிக் குறித்து வாருங்கள். அது நாளுக்கு நாள் ஏறினாலும் எடுத்துவிட வேண்டும். பத்து நாளாகியும் மேய்ந்த தடமே இல்லாமல் வயிறு உள்ளே போய்க்கொண்டிருந்தாலும் அப்படியே. அப்போதும் பாறையைக் கலைக்க வேண்டியதில்லை. பி.வி.சி. குழாயைத் தன் பொந்தாக ஏற்றிருந்தால், விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, திறந்த முனையை விரலால் மூடிக் குழாயோடு தூக்கிவிடலாம். வலைக்குச் சிக்காத மீன் இப்படி அலுங்காமல் வந்துவிடும்.

அதுவரை தொட்டியின் முன் அதிக நேரம் குனிந்து நிற்காதீர்கள். அறையின் மறுபக்கம் உட்கார்ந்து பாருங்கள். மனித முகம் விலகிய பத்து நிமிடத்தில் பல பிளென்னிகள் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். கண்ணில் படாவிட்டாலும் காலையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பின்பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். பச்சைப் படலத்தின் மேல், உதடு பதித்து எடுத்ததுபோல் சின்னச் சின்ன வட்டத் தடங்கள் வரிசையாக இருந்தால் அது இரவு விளக்கணையும் முன்போ விடியலிலோ வந்து மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறது. அந்தத் தடங்களைத் துடைக்காமல் விட்டு வையுங்கள். மறுநாள் புதிதாக எத்தனை சேர்ந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கலாம்.